பள்ளத்தின் மேல் நீளும் வீடுகள்

ஸ்பெயின் நாட்டில் குவென்கா என்றொரு பழைய ஊர் இருக்கிறது. தலைநகரான மாட்ரிட்டிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 165 கி.மீ. ஹூக்கார், வெக்கார் என்னும் இரண்டு ஆறுகள் இருபுறமும் பாறையை அறுத்துக்கொண்டு ஓட, நடுவே எஞ்சிய மேட்டின் மீது ஊர் அமர்ந்திருக்கிறது. அங்கே போனால், வெக்கார் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் சில வீடுகளை அவசியம் பாருங்கள். செங்குத்துப் பாறையின் உச்சியிலேயே வீட்டுச் சுவர் எழும்புகிறது. அந்தச் சுவரையும் தாண்டி, மரத்தாலான பால்கனிகள் வெளியே நீண்டிருக்கின்றன. அதில் நிற்பவரின் காலுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே வெறும் காற்று!

அவ்வூரார் இவற்றைத் ‘தொங்கும் வீடுகள்’ என்கிறார்கள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. தொங்குவதானால் மேலேயிருந்து கயிறோ சங்கிலியோ இழுத்துப் பிடிக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. பிறகு எப்படி விழாமல் நிற்கின்றன?

உங்கள் மேசையிலேயே இதைச் சோதிக்கலாம். 30 செ.மீ. மர அளவுகோல் ஒன்றை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுங்கள். பாதியைத் தாண்டியதும் அதன் ஈர்ப்பு மையம் விளிம்புக்கு வெளியே போய்விடும், அளவுகோல் கவிழும். இப்போது உள்பக்க முனையில் ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிட்டுத் தள்ளுங்கள். 20 செ.மீ. வெளியே நீண்டாலும் அசையாது. வெளிமுனையில் ஒரு ரப்பர் துண்டை வைத்தாலும் தாங்கும்.

அந்தப் புத்தகம் செய்யும் வேலையைத்தான் வீட்டின் சுவரும் தளமும் செய்கின்றன. பால்கனியைத் தாங்கும் உத்திரத்தின் மறுமுனை வீட்டுக்குள் புதைந்திருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். உத்திரம் வெளியே 2 மீட்டர், உள்ளே 4 மீட்டர் நீண்டிருப்பதாகக் கொள்ளுங்கள். உத்திரத்தின் எடையை விட்டுவிடுவோம். வெளிமுனையில் 500 கிலோ பாரம் என்றால், பாரத்தையும் தொலைவையும் பெருக்க 1,000 வருகிறது. உள்முனையில் 250 கிலோ அழுத்தினால் அங்கும் அதே 1,000. தராசு சமமாகிவிட்டது! ஒரு கற்சுவரின் பாரம் இதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே வீடு கவிழாது.

ஆனால் உத்திரம் ஒடியலாம் அல்லவா? வெளியே பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேற்பகுதி இழுபடுகிறது, கீழ்ப்பகுதி நசுங்குகிறது. கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மரம் இரண்டையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் சுவருக்குக் கல்லும் பால்கனிக்கு மரமும் வைத்தார்கள். வளைவு மிகுதியாக இருக்கும் இடம் எது தெரியுமா? வெளிமுனை அல்ல, சுவரை விட்டு மரம் வெளிவரும் இடம். மழைநீர் தேங்கி மரம் உளுத்துப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்! பழைய மர பால்கனியைச் சோதிக்கப் போகிறவர் முதலில் அந்த இடத்தைத்தான் தட்டிப் பார்ப்பார். இந்த வீடுகளும் கவனிப்பாரின்றி நின்றுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் பழுது பார்க்கப்பட்டன. அவற்றில் ஸ்பானிய அரூப ஓவியங்களுக்கான காட்சியகம் 1966இல் தொடங்கப்பட்டது.

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தரத்தில் நீண்ட பால்கனிகள் இருக்கின்றன. கெட்டியான தரையில் நின்ற தேவாலய மணிக்கூண்டு 1902இல் இடிந்து விழுந்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே 1533 முதல் 1589 வரை கட்டிய கற்பாலமும் நிலைக்கவில்லை. அதன் மிச்சங்களைப் பற்றிக்கொண்டு 1902இல் எழுந்த இரும்புப் பாலத்தில்தான் இன்று மக்கள் நடக்கிறார்கள். உயரம் 40 மீட்டர் வரை. வீடுகளை முழுதாகப் பார்க்க அதுவே நல்ல இடம். தலை சுற்றுபவர்கள் கைப்பிடியை விடவேண்டாம்!

இவ்வளவு ஆபத்தான விளிம்பில் ஏன் குடியேறினார்கள்? முஸ்லிம் ஆட்சியாளர்கள் இதைக் கோட்டையாகவே அமைத்தார்கள். இருபுறப் பள்ளமும் இயற்கை அகழி. 1177இல் எட்டாம் அல்போன்சோ மன்னர் ஊரைக் கைப்பற்றினார். பாதுகாப்பு இருந்தது, இடம்தான் இல்லை. எனவே வீடுகள் மேலே உயர்ந்தன, விளிம்பைத் தாண்டியும் நீண்டன.

பாலத்தில் நிற்கும்போது வீடுகளுக்குக் கீழேயுள்ள பாறையையும் சற்று நோக்குங்கள். அது சுண்ணாம்புப் பாறை வகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டையாக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, அந்தப் பாறையைத் துளித்துளியாகக் கரைக்கிறது. பள்ளத்தாக்கு உருவானதில் ஆற்றோடு அதற்கும் பங்குண்டு. வீடுகளைச் சுமக்கும் அந்தப் பாறையில் அது இன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறது.