அகதி என்பது ஒரு பாத்திரமா? மேசை விளையாட்டில் புதிய பாத்திர வகையொன்றை எடைபோடுதல்

கிளித்தட்டு விளையாடிய எவருக்கும் ‘பாத்திர வகை’ என்றால் என்னவென்று அதிகம் விளக்கத் தேவையில்லை. மறிக்கும் அணியில் உள்ளவர்கள் தத்தமது குறுக்குக் கோட்டை விட்டு அசைய முடியாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் நீளத்துக்கு ஓடலாம். எல்லோரும் ஒரே அணிதான். ஆனால் ஒருவருக்கு மட்டும் வேறு விதி. அந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கோடுகள்தான்.

‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ போன்ற மேசைப் பாத்திர விளையாட்டுகள் இந்த அடிப்படையில்தான் எழுந்தவை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கணினி தேவையில்லை. மின்சாரம்கூடத் தேவையில்லை. ஒரு பாத்திரத்துக்கு எது இயலும் என்பதை வகுப்பதுதான் அதன் வகை. விளையாடுகிறவர்கள் இதைக் ‘கிளாஸ்’ என்பார்கள்.

இந்த விளையாட்டின் வேர் போரில் இருக்கிறது. பிரஷ்ய அதிகாரிகள் பயிற்சிக்காக மேசையில் ஆடிய போர் விளையாட்டின் விதிநூல் 1824 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் கெரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகியோர் 1971 இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ மத்தியகாலப் படைகளை மோதவிடும் ஆட்டம். அதிலிருந்துதான் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974 இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கினார்கள். படைப்பிரிவு இருந்த இடத்துக்குத் தனிமனிதர் வந்தார். தொடக்கத்தில் இருந்த வகைகள் மூன்றே மூன்று: சண்டை பிடிப்பவர், மந்திரவாதி, மதகுரு.

போரிலிருந்து பிறந்த விளையாட்டைப் போருக்குள் வளர்ந்த நாங்கள் விளையாடினால் என்ன நடக்கும்? இந்தக் கட்டுரைக்குக் காரணமான கேள்வி இதுதான்.

எட்டுப் பக்க வரைவு

திருநெல்வேலியில் நாங்கள் ஐந்து பேர் சில காலமாக விளையாடி வருகிறோம். எங்களில் இளையவர் அண்மையில் புதிய பாத்திர வகை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். எட்டுப் பக்கம். பெயர் ‘இடம்பெயர்ந்தவர்’. ஊடகக் கற்கை படித்தவள் என்பதால், விமர்சித்துத் தரும்படி என்னிடம் கேட்டார்.

“அக்கா, எங்கட ஆக்களுக்கு நடந்தது ஒண்டும் இந்தப் புத்தகங்களில இல்லை. அதான் நானே எழுதினன்” என்றார்.

வரைவில் நான்கு முக்கிய திறன்கள் இருந்தன. முதலாவது ‘மூட்டை’: ஐந்து பொருட்களை மட்டுமே காவலாம், ஒன்றைக் கைவிட்டால் குழு முழுவதும் தப்பிச்செல்லும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். இரண்டாவது ‘ஒழுங்கை அறிவு’: இந்தப் பாத்திரம் ஒருபோதும் வழிதவறாது. மூன்றாவது ‘செவி’: ஆபத்து ஒலியாக வரும்போதெல்லாம் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுக்கலாம். நான்காவது ‘பெயர்’: காணாமல் போன ஒருவரின் பெயரை எழுதிவைத்து, நாளுக்கு ஒருமுறை அதைச் சொன்னால் இழந்த பலம் திரும்பும்.

படித்ததும் முதலில் எழுந்தது உணர்ச்சிதான். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நகர்ந்ததை நினைக்காமல் ‘மூட்டை’யைப் படிக்க முடியாது. ஆனால் உணர்ச்சியைத் தொடுகிறது என்பதற்காக ஒரு விதி நல்ல விதியாகிவிடாது. அதை நான்கு கேள்விகளால் சோதித்தேன்.

ஒன்று: மற்றவர்களிடமிருந்து எதைப் பறிக்கிறது?

புதிதாக ஒரு காய் வந்தால் பலகையில் உள்ள எல்லாக் காய்களின் பெறுமதியும் மாறும். சதுரங்கத்தில் மந்திரி முன்பு மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அதை எத்திசையிலும் எத்தனை கட்டமும் ஓடும் இராணியாக்கினார்கள். ஆட்டமே வேறாகிவிட்டது.

பாத்திர விளையாட்டிலும் இது நடந்தது. 1975 இல் ‘கிரேஹோக்’ என்ற பின்னிணைப்பு நூலில் ‘திருடர்’ என்ற வகை சேர்க்கப்பட்டது. பூட்டுத் திறக்கவும், பொறிகளை அகற்றவும், ஒளிந்து நடக்கவும் அவருக்கு விழுக்காட்டு அட்டவணை தரப்பட்டது. அதுவரை யாரும் பொறியைத் தேடலாம், யாரும் பதுங்கி நடக்கலாம். அட்டவணை வந்ததும், அது திருடரின் வேலை, நமக்கு இயலாது என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒருவருக்குக் கொடுத்த திறன் மற்றவர்களிடமிருந்து எடுத்ததாயிற்று. இன்றுவரை வடிவமைப்பாளர்கள் பேசும் பாடம் இது.

‘செவி’யில் இதே சிக்கல் உண்டு. ஷெல் சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுப்பது எங்கள் தலைமுறையில் ஒருவருக்கு மட்டும் உரிய திறமையா? மேசையில் ஒருவர் மட்டுமே ‘கேட்பவர்’ ஆனால் மற்ற நால்வரும் செவிடர் ஆகிவிடுவார்கள்.

இரண்டு: சிக்கலை விளையாட வைக்கிறதா, இல்லாமல் ஆக்குகிறதா?

2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ‘ரேஞ்சர்’ என்ற காட்டுவாசி வகை உண்டு. தனக்குப் பழக்கமான நிலத்தில் அவர் இருந்தால் குழு வழிதவறாது (மந்திரத்தால் குழப்பினால் தவிர). உணவு தேடினால் இருமடங்கு கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காட்டில் சிறந்தவராக விளையாட விரும்பி அந்த வகையை எடுத்தவருக்குக் காட்டில் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பசியும் வழிதவறுதலும் கதையிலிருந்தே போய்விட்டன. 2020 இல் ‘டாஷாஸ் கோல்ட்ரன் ஒஃப் எவ்ரிதிங்’ நூலில் அத்திறனுக்கு மாற்று வழங்கப்பட்டது.

‘ஒழுங்கை அறிவு’ செய்வதும் இதைத்தான். ஒருபோதும் வழிதவறாத ஒருவரின் பயணத்தில் ஊர்களின் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். எந்தப் பாதையால் போவது, யாரை நம்புவது, இரவில் கடப்பதா விடியும்வரை காத்திருப்பதா என்ற தேர்வுகளில்தான் இடப்பெயர்வின் பாரம் இருந்தது.

‘மூட்டை’ இதற்கு நேரெதிர். அது சிக்கலைத் தீர்க்கவில்லை. ஆளிடமே திருப்பிக் கேட்கிறது: எதை விடுகிறாய்? உறுதிப்பத்திரமா, தையல் மெஷினா, அல்பமா? வரைவில் மிகச் சிறந்த விதி இதுவே.

மூன்று: கணக்கு என்ன சொல்கிறது?

இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டுமென்றால் வாய்ப்பு 50 வீதம். இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்தால் அது 75 வீதமாகிறது. 20 மட்டுமே வேண்டுமென்றால் 5 வீதம் 9.75 ஆக உயரும். அதாவது இந்தச் சலுகை நடுத்தரச் சிரமமுள்ள வேலைகளில் மிக அதிகமாக உதவும். ஆட்டத்தில் வரும் பெரும்பாலான வேலைகள் அவைதான்.

ஆகவே ‘எத்தனை முறை’ என்பதே கேள்வி. சண்டையில் எல்லாமே ஒலியோடுதான் வரும். ‘செவி’ ஏறத்தாழ எப்போதும் இயங்கும். ஒரு மாலையில் எத்தனை தடவை பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் இது உடனே தெரியும்.

அதிகம் செய்ய முயல்வதும் ஆபத்து. 2017 இல் ‘மிஸ்ரிக்’ என்ற மனோசக்தி வகை சோதனைக்காக வெளியிடப்பட்டது. அது சண்டையும் பிடித்தது, மந்திரமும் செய்தது, காயமும் ஆற்றியது. மற்ற வகைகளின் வேலையெல்லாம் அதற்குள் இருந்தது. 2020 அளவில் நிறுவனம் அதைக் கைவிட்டது. பெரிய நிறுவனமே கைவிடும்போது எட்டுப் பக்க வரைவைக் கிழித்து எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்கு: இது ஒரு செயலா, நடந்த சம்பவமா?

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி இது. ஐந்தாம் பதிப்பில் ஒரு பாத்திரத்துக்கு ‘வகை’ தனி, ‘பின்னணி’ தனி. என்ன செய்யத் தெரியும் என்பது வகை. எங்கிருந்து வந்தார், என்ன கடந்து வந்தார் என்பது பின்னணி. மாலுமியாக இருந்தவர் மந்திரவாதி ஆகலாம். தெருவில் வளர்ந்தவர் மதகுரு ஆகலாம்.

இடம்பெயர்ந்தது எங்களுக்கு நடந்தது. அது எங்கள் தொழில் அல்ல. 1990 முதல் எத்தனையோ படிவங்களில் எங்கள் பெற்றோர் ‘இடம்பெயர்ந்தோர்’, ‘பயனாளி’, ‘பாதிக்கப்பட்டோர்’ என்று நிரப்பப்பட்டார்கள். அந்தப் படிவங்களில் ஆசிரியை என்றோ, கடற்றொழிலாளி என்றோ, நட்டுவாங்கம் தெரிந்தவர் என்றோ எழுத இடம் குறைவு. ‘இடம்பெயர்ந்தவர்’ என்பதை ஒரு வகையாக்கினால் அதே படிவத்தை நாங்களே அச்சடித்துக் கொடுக்கிறோம். பின்னணியாக்கினால் மேசையில் உள்ள ஐவரும் இடம்பெயர்ந்தவர்களாக இருக்கலாம். ஐவரும் ஐந்து விதமானவர்களாகவும் இருக்கலாம்.

சரயேவோ முற்றுகையின் அனுபவங்களைத் தழுவி போலந்தில் உருவாகி 2014 இல் வெளிவந்த ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ கணினி விளையாட்டு (2017 இல் மேசை விளையாட்டாகவும் வந்தது) இதைச் சரியாகப் பிடித்தது. அதில் வரும் பொதுமக்களில் ஒருவர் சமையற்காரர், ஒருவர் செய்தியாளர், ஒருவர் உதைபந்தாட்டக்காரர். முற்றுகை எல்லோருக்கும் பொது. சமையற்காரர் குறைந்த எரிபொருளில் சமைப்பார்; செய்தியாளர் பேரம் பேசுவார். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதால்தான் அவர்களை நினைவில் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் எங்கள் வகை எது?

2019 நவம்பரில் ‘எபரொன்’ என்ற கற்பனை உலகம் பற்றிய நூலோடு, ஐந்தாம் பதிப்பில் ‘ஆர்ட்டிஃபிசர்’ என்ற கைவினைஞர் வகை அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. கீத் பேக்கர் உருவாக்கி 2004 இல் முதலில் வெளியான அந்த உலகம், நூறாண்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆன உலகம். ஒரு நாடே அழிந்து அதன் மக்கள் அகதிகளாக அலைகிறார்கள். போருக்காகவே செய்யப்பட்ட உயிருள்ள படைவீரர்கள், போர் முடிந்தபின் தமக்கு என்ன வேலை என்று தெரியாமல் நிற்கிறார்கள். எங்கள் வாசகர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் கைவினைஞர் மந்திரத்தால் பொருட்களுக்குச் சக்தி ஏற்றுவார். எங்களிடம் மந்திரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடை இருந்தது. தொண்ணூறுகளில் குடாநாட்டில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து விளக்குச் செய்தார்கள். பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.

நான் இளையவருக்குப் பரிந்துரைத்தது இதுதான்: வகையின் பெயர் ‘தடைக்கால மெக்கானிக்’. எதையும் திருத்தலாம், ஆனால் வேறொன்றைக் கழற்றித்தான் திருத்த வேண்டும். திருத்த முயல்வது மேசையில் எல்லோருக்கும் திறந்திருக்கும். மெக்கானிக்குக்கு மட்டும், தவறினால் என்ன பழுதாகும் என்பது பகடை உருட்ட முன்னரே தெரியும். திருடர் வகையில் நடந்த பறிப்பு இங்கே இல்லை. சிக்கலும் மறைந்துவிடவில்லை. ‘மூட்டை’ பின்னணியாக எல்லோருக்கும் போகட்டும்.

‘பெயர்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம் இருந்து கேட்பது ஒரு பதிலை. அந்தப் பெயரை நாளுக்கு ஒருமுறை பலம் ஏற்றும் பற்றறியாக்குவது எனக்கு உறுத்தியது. அதற்குப் பலனே வேண்டாம் என்றேன். புதிய ஊருக்குப் போகும்போதெல்லாம் குழு அந்தப் பெயரை ஒருமுறை விசாரிக்கலாம். பகடை இல்லை, பதில் வரலாம், வராமலும் போகலாம்.

இப்படியான விளையாட்டை யாரும் தொடங்குமுன் மேசை நடுவில் ஓர் அட்டையை வைப்பது நல்லது. ஜோன் ஸ்ராவ்ரோபுலோஸ் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ் அட்டை’ என்பது புள்ளடி போட்ட ஒரு துண்டு மட்டை. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி விடப்படும். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. யார் எதைச் சுமந்து கொண்டு மேசைக்கு வருகிறார்கள் என்பது எங்கள் ஊரில் முகத்தில் தெரியாது.

சோதனைக்கும் எளிய வழி உண்டு. ஒரே கதையைப் புதிய வகையோடும் அது இல்லாமலும் இருமுறை விளையாடுங்கள். எழுதியவர் அல்லாத ஒருவர் அந்தப் பாத்திரத்தை எடுக்கட்டும். யார் எத்தனை சுற்று சும்மா இருந்தார், எந்த விதியை இருமுறை விளக்க வேண்டி வந்தது என்று குறியுங்கள்.

எங்கள் அனுபவத்தை விளையாட்டுக்குள் கொண்டுவருவது அதை மலிவாக்குவது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 2009 இற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். அந்த நாட்களில் நாங்கள் கையால் என்ன செய்தோம் என்று காட்ட ஒரு மேசை, ஐந்து கதிரை, ஒரு பகடை போதும்.