விற்கும் முன் ஓராண்டு வாடகை

பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். நங்கநல்லூரில் அரை கிரவுண்டில் கட்டிய வீட்டில் இப்போது இரண்டே பேர். மாடிக்கு ஏறி மாதக்கணக்காகிறது. மோட்டார் ரிப்பேர் என்றால் ஆள் கிடைப்பதில்லை. விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள டபுள் பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போய்விடலாமா என்ற பேச்சு எழுகிறது.

எழ வேண்டிய பேச்சுதான். பேரன் வந்து தங்கும் இருபது நாளுக்காக ஆண்டு முழுவதும் மூன்று அறைகளைப் பெருக்கித் துடைப்பது பாசம் அல்ல, வீண் வேலை. ஆனால் சின்ன வீட்டுக்குப் போனால் கையில் பெரும் பணம் மிஞ்சும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

வீடு 2 கோடிக்குப் போகிறது, 1.2 கோடிக்குப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கிட்டத்தட்ட 11 லட்சம் அங்கேயே போய்விடும். புரோக்கர் கமிஷன், பெயின்ட், வழுக்காத டைல்ஸ் எல்லாம் தனி. விற்ற லாபத்தில் புது வீட்டுக்குப் போட்டதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. மீதி லாபத்துக்கு உண்டு. குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போட்டு அந்த வரியையும் தவிர்க்கலாம், ஆனால் பணம் 5 ஆண்டு முடங்கும். எழுபதைத் தாண்டியவர் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் மெயின்டனன்ஸ். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் ஆயிரம் சதுர அடிக்கு மாதம் 4,000. அந்த ஆயிரத்திலும் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவின் பங்கு சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் புழங்கும் இடம் குறைவு. காலப்போக்கில் விலை ஏறுவது மண்ணுக்கு. ஃபிளாட்டில் மண் என்று உங்களுக்கு வருவது யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத பங்கு மட்டுமே. பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதை.

ஆகவே, விற்காமலேயே ஒத்திகை பாருங்கள். தனி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, போக நினைக்கும் பகுதியிலேயே ஒரு ஃபிளாட்டில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுகிறதா, ஸ்ட்ரெச்சர் அதில் நுழையுமா, மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போக முடிகிறதா, சங்கக் கூட்டத்தில் சண்டை எப்படி என்பதெல்லாம் ஒரு மழைக்காலம் கழிந்தால் தெரிந்துவிடும். கால் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். விழுந்து எழுந்த பிறகு வீடு தேடுவது பிள்ளைகள். அவர்கள் லீவு முடிவதற்குள் முடிவெடுப்பார்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கும் அவசரமில்லை. வேறு வீடு வாங்க வருமான வரிச் சட்டம் 2 ஆண்டும், கட்ட 3 ஆண்டும் தருகிறது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள் வாங்கி முடிக்காவிட்டால், புது வீட்டுக்கென வைத்திருக்கும் லாபத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும்.

இடம் மாறவே மனமில்லாதவர்களுக்கு, 2007 முதல் ரிவர்ஸ் மார்ட்கேஜ் உண்டு. அறுபது வயதானவர் தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, அதன் மேல் வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கலாம். நம் ஊரில் இதை நாடுவோர் குறைவு. வீடு பிள்ளைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம்தான் தடை.

அதே எண்ணத்தில் சிலர் புது ஃபிளாட்டை வாங்கிய கையோடு மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். உயில் போதும், அதை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கும்போது, முதலில் தேடப்படுவது அந்த வரிதான்.