ஒரு புள்ளி செய்த அலங்கோலம்

தமிழ் எழுத்திலே புள்ளிக்கு உள்ள வலிமையை நாம் அறிவோம். "க" என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளியை இட்டால் உயிர் நீங்கி மெய் மாத்திரம் நிற்கும். ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் அவ்வேடுகளை இடம் நோக்கியும் பொருள் நோக்கியும் படித்து, எது மெய், எது உயிர்மெய் என்று துணிய வேண்டியிருந்தது. மனிதருக்கு அத்தகைய துணிவு கைகூடும். இணையத்திலே பெயர்களைத் தேடித் தரும் மென்பொருளுக்கோ அது கைவராது. ஏட்டில் உள்ளதை உள்ளபடியே அது கொள்ளும். புள்ளி விடுபட்டால் விடுபட்டதுதான்.

இதனைச் சுவீடன் நாட்டு மக்கள் 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு கண்டுகொண்டனர். அந்நாட்டுக்குரிய "எஸ்ஈ" என்னும் ஈற்றைக் கொண்ட பெயர்கள் அப்பொழுது சுமார் 9 இலட்சம் இருந்தன. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது, பதிவேட்டை ஆக்கும் நிரலொன்று பெயர்களின் இறுதியில் இடவேண்டிய புள்ளியை இடாது விட்டது. அவ்வளவுதான், பத்திரிகை, வங்கி, பாடசாலை, கடை என்ற வேறுபாடின்றி அந்நாட்டு இணையத்தளங்கள் பார்வைக்கு எட்டாது மறைந்தன. மின்னஞ்சல்களும் வழி தெரியாது தடுமாறின. கணனிகள் யாவும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை இருக்கும் இடத்தைச் சொல்வாரில்லாமற் போயிற்று.

ஒரு புள்ளிக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? இணையத்திலே ஒவ்வொரு கணனிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. எண்களை மனத்தில் இருத்துதல் மனிதர்க்கு அரிது. ஆதலின் பெயர்களை வழங்குகின்றோம். பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறுவதற்குத் தொலைபேசி விபரக்கொத்தைப் போன்ற ஒன்று வேண்டுமன்றோ? ஆர்ப்பாநெற் என்னும் ஆதி வலையமைப்பின் காலத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே கோப்பாக அது பேணப்பட்டு வந்தது. கணனிகள் பெருகவே ஒரு கோப்பு போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்பார், அப்பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் முறையொன்றை வகுத்தார். டி.என்.எஸ். என்று இன்று வழங்குவது அதுவே. அதனை நடத்தும் மென்பொருள்களில் புகழ்பெற்ற "பைண்ட்" என்பதை 1980களின் முற்பகுதியில் முதலில் எழுதியோர் பேர்க்லி பல்கலைக்கழகத்துப் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் என்பது நம் மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது.

இம்முறை ஒரு மரத்தை ஒத்தது. உச்சியில் வேர்ச் சேவையகங்கள் 13 பெயர்களில் விளங்குகின்றன. அவற்றின் கீழே "கொம்", "எல்கே", "இலங்கை" முதலிய ஈறுகளுக்குரிய சேவையகங்கள்; அவற்றின் கீழே நிறுவனங்கள் தத்தமக்கு வைத்துள்ள சேவையகங்கள். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த படியை மாத்திரம் காட்டி அனுப்பும்.

பெயரின் ஈற்றிலே இடும் புள்ளி, "இப்பெயர் வேர்வரை முற்றுப்பெற்றது" என்பதற்கு அடையாளமாகும். சேவையகத்தின் பதிவேட்டில் அப்புள்ளி இல்லையேல், பெயர் முற்றுப்பெறவில்லை என்று கருதி, மென்பொருள் தன் ஈற்றையும் கூட்டிக்கொள்ளும். உதாரணமாக, இலங்கைக்குரிய பதிவேட்டில் "பள்ளி.இலங்கை" என்று புள்ளியின்றி எழுதினால் அது "பள்ளி.இலங்கை.இலங்கை" ஆகிவிடும். அப்படி ஓரிடம் உலகில் இல்லை. சுவீடனில் நிகழ்ந்ததும் இதுவே.

இத்தகைய கோளாறு நேரும்போது பலரும் கணனியை நிறுத்திப் பின் இயக்குவர். கம்பிகளைக் கழற்றி மாட்டுவர். நோயின் குறி அறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும் இது. குறி அறிவதற்கென்றே கட்டளை வரியில் வழங்கும் கருவிகள் இரண்டு உள. ஒன்று "என்எஸ்லுக்அப்", விண்டோஸ் கணனிகளில் அது முன்னரே அமைந்திருக்கும். மற்றையது "டிக்", ஆங்கிலத்தில் தோண்டுதல் என்று பொருள்படும் அச்சொல்லுக்கு ஏற்ப அது ஆழமாகத் தோண்டிப் பார்க்கும்.

கருவி தரும் மறுமொழியின் வகையை முதலில் நோக்குதல் வேண்டும். தூது சென்று மீண்டவன் கூறும் ஐவகை விடைகளாக அவற்றை நாம் கொள்ளலாம். "அப்படி ஒருவர் இல்லை" என்பது முதலாவது. "என்எக்ஸ்டொமெயின்" என்று திரையில் தோன்றும். எழுத்துப் பிழையோ, பதிவு விடுபட்டமையோ காரணமாகலாம். "பெயர் உண்டு, நீர் கேட்ட விபரம் அதனிடம் இல்லை" என்பது இரண்டாவது. பிழையில்லை என்ற குறிப்போடு விடைப்பகுதி வெறுமையாக வரும். "விசாரித்தேன், முடிவு காண இயலவில்லை" என்பது மூன்றாவது, "சேர்வ்பெயில்" எனப்படும். மேலிருந்து காட்டிய வழி பிழைத்தாலும், பதிவுகளைக் காக்கும் மின்னொப்பம் காலாவதியானாலும் இது வரும். "உமக்குச் சொல்லேன்" என்பது நான்காவது. சேவையகம் இன்னாருக்கே விடையளிக்கலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டிருப்பதை அது காட்டும். ஐந்தாவது மௌனம். மென்பொருள் ஓடாதிருக்கலாம், அல்லது 53ஆம் இலக்க வாயிலைத் தீயரண் மறித்திருக்கலாம்.

அடுத்து, விடை சொன்னவர் யார் என்று நோக்குதல் வேண்டும். எந்தச் சேவையகம் மறுமொழி தந்தது என்பதை இரு கருவிகளும் காட்டும். அதே கேள்வியை வேறொரு சேவையகத்திடம் கேட்டு, அங்கு நல்விடை கிடைப்பின், பிழை பெரும்பாலும் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது எனலாம். எங்கும் கிடைக்காவிடின் "டிக்" கருவிக்கு "ட்றேஸ்" என்னும் ஏவலைக் கொடுத்தால், அது வேரிலிருந்து படிப்படியாக இறங்கிச் செல்லும். எந்தப் படியில் கால் இடறுகிறதோ அந்தப் படியிலேயே கோளாறு உள்ளது. ஒன்றை மறத்தலாகாது: கணனியிலுள்ள "ஹோஸ்ற்ஸ்" என்னும் உள்ளூர்க் கோப்பை உலாவி பார்க்கும், "டிக்" பார்க்காது. இரண்டும் வெவ்வேறு விடை தந்தால் அக்கோப்பைத் திறந்து நோக்குக.

சேவையகத்தை நடத்துவோர் கடமை இன்னும் பெரிது. பதிவேட்டில் ஒன்றை மாற்றியதும், பைண்ட் மென்பொருளுடன் வரும் "செக்சோன்" என்னும் பரிசோதனைக் கருவியால் அதனைச் சோதித்த பின்னரே வழக்கிற்கு விடுதல் வேண்டும். பதிவேட்டின் தொடர் எண்ணையும் கூட்டுதல் வேண்டும். கூட்டாவிடின் மாற்றம் நிகழ்ந்ததை அறியாத துணைச் சேவையகங்கள் பழைய பதிவையே ஓதிக்கொண்டிருக்கும். ஒருமுறை சரியாகவும் ஒருமுறை பிழையாகவும் விடை வந்து நம்மை மயக்குவது பலவேளைகளில் இதனாலேயே.

பிழையைத் திருத்திய பின்னரும் துன்பம் உடனே நீங்குவதில்லை. ஒவ்வொரு விடைக்கும் விநாடிக் கணக்கில் ஓர் ஆயுட்காலம் உண்டு. அக்காலம் முடியும் வரை, இடையிலுள்ள சேவையகங்கள் பெற்ற விடையை நினைவில் வைத்திருக்கும். சுவீடனில் பதிவேடு விரைவிலேயே திருத்தப்பட்டது. எனினும் இணையச் சேவை நிறுவனங்கள் தம் நினைவைத் துடைக்காத இடங்களிற் பிழையான விடைகள் மேலும் பல மணி நேரம் நீடிக்கக்கூடியனவாயிருந்தன. ஆகவே முகவரியை மாற்றக் கருதுவோர் முன்கூட்டியே அந்த ஆயுட்காலத்தைக் குறைத்து வைத்தல் அறிவுடைமை.

நம் நாட்டுக்கு "எல்கே" என்னும் ஈறு 1990ஆம் ஆண்டிலும், "இலங்கை" என்று தமிழிலேயே எழுதும் ஈறு 2010ஆம் ஆண்டிலும் கிடைத்தன. தமிழ்ப் பெயரைச் சேவையகங்கள் "எக்ஸ்", "என்" என்னும் ஆங்கில எழுத்துக்களோடும் இரு சிறு கோடுகளோடும் தொடங்கும் மறைவடிவில் எடுத்துச் செல்கின்றன. கருவியின் திரையில் அவ்வடிவைக் கண்டு, பெயர் கெட்டுவிட்டது என்று மாணவர் மயங்க வேண்டுவதில்லை.

இன்று பரீட்சைப் பெறுபேறும், வைத்தியரைக் காணும் நேரப் பதிவும், கடல் கடந்த பிள்ளையின் முகமும் ஒரு பெயரின் வழியாகவே நம் வீட்டுக்கு வருகின்றன. அந்தப் பெயரைக் காப்பவர் எங்கோ ஓர் அறையில் நள்ளிரவில் பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் ஓர் ஊழியர். நாளை அந்த இருக்கையில் அமரப்போகிறவர் இன்று இப்பக்கத்தைப் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். விரைந்து திருத்துவதிலும், வரிசையாகக் கேட்டு அறிந்து திருத்துவதே மேல் என்பதை அவர் இப்பொழுதே பழகிக்கொள்வாராக. கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேள்வி கேட்பதால் எந்தச் சேவையகமும் கெட்டுவிடாது.