உஷார்! பிளேன்டீ நிறத்தில் ஒரு போத்தல்

லயத்து அறையில், கட்டிலுக்கடியில், பழைய சோடாப் போத்தலில் பழுப்பாக ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே தேடிப் பாருங்கள். புல்லுக்கு மருந்தடிக்கப் போனவர் மிச்சத்தை ஊற்றிக் கொண்டுவந்திருக்கலாம். பார்த்தால் அசல் பிளேன்டீ. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை மூடியைத் திறந்து வாயில் வைத்துவிடும்!

எம்.சி.பீ.ஏ. என்ற களைகொல்லியைத்தான் சொல்கிறேன். 2015இல் கிளைபோசேட் என்ற இன்னொரு களைகொல்லி தடைசெய்யப்பட்டதும் ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில் இதன் புழக்கம் கூடியது. ஜப்பானுக்குப் போன தேயிலையில் இதன் எச்சம் இருந்தது பெரிய பிரச்சினையானது.

சாதாரண தர, உயர்தர மாணவர்களே, இது உங்கள் பாடப்புத்தகத்துச் சங்கதி. எம்.சி.பீ.ஏ.யின் முழுப்பெயர் ‘அசற்றிக் அமிலம்’ என்றுதான் முடியும். வினாகிரியில் உள்ள அதே காபொட்சில் கூட்டம் இதிலும் உண்டு: ஒரு காபன், இரண்டு ஒட்சிசன், ஒரு ஐதரசன். மென்னமிலம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். போத்தலில் உப்பாகக் கரைந்திருக்கும் இது, இரைப்பையின் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கலந்ததும் ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்டு ஏற்றமில்லாத மூலக்கூறாக மாறும். அந்த உருவில் கொழுப்பாலான கலமென்சவ்வைச் சுலபமாகக் கடந்து இரத்தத்தில் ஏறிவிடும்.

முதலில் வாந்தி, வயிற்றுவலி மட்டும் இருக்கலாம். "சரியாப் போச்சு" என்று வீட்டில் படுக்கவைக்காதீர்கள். அப்படி இலேசாகத் தொடங்கி, இரண்டு நாளுக்குள் திடீரென மூச்சும் இதயமும் நின்று இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. இதற்கென்று முறிமருந்து கிடையாது.

யாராவது குடித்துவிட்டால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையும், லேபல் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலத்தை நடுநிலையாக்கலாம் என்று வகுப்பில் படித்ததை நம்பி அப்பச் சோடா கரைத்துக் கொடுக்காதீர்கள். சிறுநீரைக் காரமாக்கி, அமிலத்தை அயனாகவே வெளியேற்றும் சிகிச்சை உண்டுதான். ஆனால் அது வைத்தியர்கள் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, நாளம் வழியாகச் செய்வது. தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

அப்பாமாரே, அண்ணாமாரே, மிச்ச மருந்தைத் தோட்டத்து ஸ்டோரிலேயே அதன் சொந்தக் கேனில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளே, வீட்டில் அப்படியொரு போத்தல் கண்ணில் பட்டால் முகர்ந்து பார்க்க வேண்டாம், திறக்கவும் வேண்டாம். பெரியவர்களைக் கூப்பிட்டு, அன்றைக்கே வெளியேற்றச் சொல்லுங்கள்.