ஊர்ப் பதிவுகள் இன்னொரு முறை தொலைய வேண்டாம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி மக்களும் ஊரை விட்டுச் சென்றனர். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை இழந்தவர்கள் பின்னர் பட்ட அலைச்சலை எமது மூத்தவர்கள் அறிவர்.

இன்று ஊர்ப் பெயர்ப்பட்டியல்கள், கூட்டக் குறிப்புகள், பழைய மாணவர் விபரங்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. அதனால் அவை பாதுகாப்பாக உள்ளன என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இலங்கையில் நீண்ட காலம் தமிழ் தட்டச்சுக்குப் பயன்பட்டது பாமினி எழுத்துரு. அதில் நாம் ‘அ’ என்று தட்டும்போது கணினி சேமிப்பது ஆங்கில ‘எம்’ எழுத்தையே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யுனிகோட் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே குறியீடுதான்.

எனவே முக்கிய பதிவுகளின் ஒரு பிரதியை யுனிகோடில், சாதாரண எழுத்துக் கோப்பாக வைப்பது நல்லது. இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. திறந்த மூலத் தொகுப்பிகள் இருக்கின்றன. அவற்றின் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆக்கியவர் கைவிட்டாலும் வேறொருவர் தொடரலாம்.

விண்டோஸுக்கு 2003இல் வெளிவந்த நோட்பேட்++ போதுமானது. சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்ற குறியாக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். மேக் கணினிக்கு கொட்எடிட்டர் உண்டு. லினக்ஸில் கேட் உண்டு. அது விண்டோஸிலும் இயங்கும்.

தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர்கள் கட்டளை வரித் தொகுப்பிகளையும் பழக வேண்டும். தொலைவிலுள்ள சேவையகக் கணினிகளில் பெரும்பாலும் சுட்டியோ சாளரமோ இராது. தொடங்குவதற்கு எளியது நானோ. கன்ட்ரோலுடன் ‘ஓ’ அழுத்தினால் சேமிக்கும், ‘எக்ஸ்’ அழுத்தினால் வெளியேறும். அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் டெர்மக்ஸ் செயலி மூலம் இதை நிறுவலாம். 2025இல் மைக்ரோசொஃப்ட்டும் ‘எடிட்’ என்ற கட்டளை வரித் தொகுப்பியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பழகக் கொஞ்சம் கடினமானது, ஆனால் வேகமானது விம். 1991இல் அதை வெளியிட்ட பிராம் மூலேனார், விரும்பிய பயனர்கள் உகண்டாவின் ஏழைச் சிறுவர்களுக்கு உதவுமாறு மட்டுமே கேட்டுக்கொண்டார். அவர் 2023இல் காலமான பின்னரும் வேறு பலர் விம்மை வளர்த்து வருகின்றனர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டளை வரித் திரையில் தமிழின் கொம்பும் காலும் இடம்மாறித் தெரியலாம். திரையில்தான் அந்தக் குழப்பம்; கோப்புக்குப் பாதிப்பில்லை. ஆகவே தமிழ் எழுதச் சாளரத் தொகுப்பியே வசதி.

பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் குடும்ப விபரங்கள், அடையாள அட்டை இலக்கங்கள் கொண்ட ஆவணங்களை அறியாத தளங்களில் ஒட்ட வேண்டாம். மாற்றிய பின் பெயர்களை மூலப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிரதி ஊரிலும் மற்றொன்று புத்தளத்திலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

விடுமுறையில் நிற்கும் நான்கு மாணவர்களும் பழைய கோப்புகளை அடையாளம் காட்ட ஒரு பெரியவரும் சேர்ந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.