சிறுத்த மானெல்லாம் புதிய இனமா?

பிளீஸ்டோசீன் என்னும் பனியுகக் காலத்துக் குகைகளில் மானின் முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. உடைந்த தாடை, உதிர்ந்த பற்கள், கால் எலும்பு, கொம்புத் துண்டு இவைதான் பெரும்பாலும் கிடைக்கின்றன. அவை வழக்கத்தைவிடச் சிறியவையாக இருந்தால் புதிய இனம் ஒன்று அகப்பட்டதாகவே தோன்றும். ஆனால் உருவ அளவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவு இதற்குச் சான்று. கடைசி இடைப்பனிக் காலத்தில் கடல்மட்டம் உயர்ந்து தீவு தனித்துப் போனபின், அங்கிருந்த செம்மான்கள் 6000 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் முன்னோரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. 1989-இல் இதை விளக்கிய தொல்லுயிரியலாளர் ஏட்ரியன் லிஸ்டர் அவற்றைச் செம்மானாகவே கருதினார்.

கிரீட் தீவின் கதை வேறு. அங்குள்ள குகைகளைத் தொல்லுயிரியலாளர் டோரதியா பேட் 1904-இல் ஆராய்ந்தார். பின்னர் அங்கே சேகரிக்கப்பட்ட எலும்புகளை அளந்த ஆய்வாளர் டி வோஸ், 1984-இல் காண்டியாசெர்வஸ் எனப்படும் அத்தீவின் அழிந்துபோன மான்களை ஆறு அளவுகளாகப் பிரித்தார். அவற்றுள் மிகச் சிறியதன் தோள் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதன் குளம்புக்கு மேலுள்ள நீண்ட எலும்பு, உடலோடு ஒப்பிட்டாலும் குட்டையானது. கொம்போ கிளைகள் குறைந்து நெடிதாக வளர்ந்து, நுனியில் கதாயுதம்போலத் தடித்திருந்தது. வெறுமனே சுருங்கிய மானுக்கு உறுப்புகளின் விகிதம் இப்படி மாறிவிடாது. காலும் கொம்பும் தனித்தனியே ஒரே முடிவைச் சொல்வதால்தான் இதைத் தனி இனம் என்கிறோம்.

இவை குட்டிகளாக இருக்கக்கூடாதா? கூடாது. வளரும் மானின் கால் எலும்பில் முனைகள் தண்டோடு ஒட்டியிரா. ஒட்டிய முனையுள்ள சிறிய எலும்பு முதிர்ந்த விலங்கினுடையது. பெண்மான்களா? துருவ மான் (ரெயின்டீர்) தவிர, மான் குடும்பத்தில் கொம்பு ஆணுக்கே உரியது. குட்டை மானின் கொம்புகளே ஆண்களும் சிறியவை என்று காட்டுகின்றன. இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது, வயதுக்கும் உணவுக்கும் ஏற்ப வடிவம் மாறுவது, அதை எப்படி நம்புவது? ஒரே கொம்பை வைத்துப் பெயர் சூட்டுவது தவறு என்பதை ஏற்கத்தான் வேண்டும். கிரீட்டின் லிகோ குகையில் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள எலும்புகளோடு பல வகைக் கொம்புகள் கிடைத்தன. கொம்பின் வடிவத்தைக் கொண்டு 2018-இல் மூன்று புதிய இனப்பெயர்கள் முன்வைக்கப்பட்டன. பல வயதுக் கொம்புகளை வரிசைப்படுத்தி, ஒரு வகை மற்றொன்றாக வளர்வதில்லை என்று காட்டும்போதுதான் அப்பெயர்கள் உறுதிபெறும். இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தவறான பெயர் ஒன்று கூடினால் நடக்காத பரிணாமத்தை நடந்ததாக எழுதிவிடுகிறோம். சரியான பெயர் ஒன்றை விட்டுவிட்டால் அழிந்த ஓர் இனத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் போகிறோம்.