சேலத்துக்கு விமானம் ஏன் வந்து வந்து நின்றுபோகிறது?

சேலத்திலிருந்து ஓமலூர் தாண்டி காமலாபுரம் பக்கம் போனால் ஒரு விமான நிலையம் வரும். 1993-இல் திறந்தது. அன்றிலிருந்து கணக்குப் பார்த்தால், அங்கே விமானம் வந்த ஆண்டுகளைவிட வராத ஆண்டுகள்தான் அதிகம். 2009 வாக்கில் கிங்ஃபிஷர் வந்தது. சில ஆண்டுகளில் நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. மறுபடி ஓடுதளம் சும்மா கிடந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன.

அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, பீளமேட்டில் கோவை விமான நிலையம். ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பயணிகள். சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபிக்கு நேரடி விமானம். அங்கே மக்கள் கேட்பதெல்லாம், இன்னும் நாலு ஊருக்கு விடுங்க என்பதுதான்.

இரண்டுமே கொங்கு மண்டலம்தான். சேலத்தில் இரும்பும் ஜவ்வரிசியும், நாமக்கல்லில் முட்டையும் லாரியும், ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும் என்று பணம் புழங்கும் பகுதி. விமானத்தில் போக ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் ஒரு ஊரில் விமானம் தங்குகிறது, இன்னொரு ஊரில் வந்து வந்து போகிறது, ஏன்?

186 சீட்டும் 78 சீட்டும்

விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனிக்குச் செலவு. லீஸ் வாடகை, விமானி சம்பளம், பராமரிப்பு எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பெரிய கம்பெனிகள் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தை, சுமார் 180 சீட்டும் நிறையக்கூடிய தடத்தில்தான் விடும். கோவை - சென்னை, கோவை - மும்பை அப்படிப்பட்ட தடங்கள்.

சேலத்தில் ஓடுதளத்தின் நீளமே சுமார் 1,800 மீட்டர்தான். முழுப் பாரத்தோடு ஏ320 இறங்கி ஏற அது போதாது. இங்கே வரக்கூடியது ஏடிஆர் 72. இறக்கையில் விசிறி சுற்றும் அந்தச் சின்ன விமானம்தான். 70 முதல் 78 சீட். குறைந்த நீள ஓடுதளம் போதும், எரிபொருளும் மிச்சம். வேகம் குறைவு, ஆனால் 300 கிலோமீட்டர் தூரத்துக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

இந்தச் சின்ன விமானத்துக்குச் சட்டத்திலும் சில சலுகைகள் உண்டு. 80 சீட்டுக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு, இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. இண்டிகோவின் ஏடிஆரில் 78 சீட் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்! எரிபொருளிலும் இதே கதை. விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீத வாட் வரி. ஆனால் 40 டன்னுக்குக் குறைவான எடை கொண்ட பயணிகள் விமானத்துக்கு, மத்திய விற்பனை வரிச் சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல் போட முடியாது. ஒரே நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விமானத்துக்கு, ஒரே எரிபொருளுக்கு, இரண்டு விதமான வரி!

இவ்வளவு சலுகை இருந்தும் சின்ன ஊர் தடம் ஏன் நிற்பதில்லை? செலவை 180 பேர் பங்கு போடுவதற்கும் 78 பேர் பங்கு போடுவதற்கும் உள்ள வித்தியாசம் சலுகையால் மட்டும் அடைபடுவதில்லை. அதற்காக வந்ததுதான் உடான்.

கோவை பயணி கொடுக்கும் காசு

உடான் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. கணக்கு எளிமையானது. விமானம் போகாத, அல்லது அரிதாகப் போகிற ஊர்களுக்கான தடங்களை அரசு ஏலத்தில் விடும். எடுக்கும் கம்பெனி, பாதி சீட்டுகளை உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய். அதனால் வரும் நஷ்டத்தை அரசு மானியமாக ஈடுகட்டும். மூன்று ஆண்டுகளுக்கு அந்தத் தடத்தில் வேறு யாரும் போட்டிக்கு வர முடியாது.

மானியப் பணம் எங்கிருந்து வருகிறது? 80 சதவீதம் ஒரு மத்திய நிதியிலிருந்து. மீதி 20 சதவீதம் மாநில அரசு. அந்த மத்திய நிதியை நிரப்புவது, வழக்கமான பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் கட்டும் தீர்வை. 2016-இல் தொடங்கியபோது தூரத்தைப் பொறுத்து ஒரு பறப்புக்கு 7,500 முதல் 8,500 ரூபாய் வரை இருந்தது. 180 சீட் விமானத்தில் பங்கு போட்டால் ஆளுக்கு 50 ரூபாய்க்குள். அதாவது கோவையிலிருந்து மும்பைக்குப் போகிறவர் டிக்கெட்டில் ஒரு டீ, வடைக் காசு சேலத்துக்காரருக்குப் போகிறது. நியாயமான ஏற்பாடுதான்.

சிக்கல் அந்த மூன்று ஆண்டில் இருக்கிறது. மானியம் மூன்று ஆண்டோடு சரி. அதற்குள் தடம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்பது திட்டத்தின் நம்பிக்கை. நின்றதா? 2023-இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கணக்குச் சொல்கிறது. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த தடங்கள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டுகளை முழுசாக முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54.

தமிழ்நாட்டில் நெய்வேலியும் வேலூரும் அந்தத் தொடங்காத பட்டியலின் முகங்கள். சேலம் குறைந்தது தொடங்கியது. 2018 மார்ச்சில் தொடங்கிய ட்ரூஜெட்டின் மூன்று ஆண்டு 2021-இல் முடிய வேண்டியது. இடையில் கொரோனாவும் வந்தது. அதே 2021-இல் சேலம் விமானம் நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட் கம்பெனியே பறப்பதை நிறுத்திக்கொண்டது.

நம்ம ஊர் கம்பெனிகள் என்ன ஆயின?

‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்களுக்கு ஏர் டெக்கான் கோபிநாத் கதை தெரியும். 2003 ஆகஸ்டில் பெங்களூரு - ஹூப்ளி தடத்தில் ஒரு ஏடிஆரோடு தொடங்கினார். சின்ன ஊர்களை வரைபடத்தில் ஏற்றியது அந்தக் கம்பெனிதான். படம் வெற்றியோடு முடிகிறது; நிஜத்தில் டெக்கான் கிங்ஃபிஷர் கைக்குப் போனது, கிங்ஃபிஷரே 2012 அக்டோபரில் தரையில் நின்றது.

தமிழ்நாட்டிலும் முயன்றார்கள். மதுரை ஜவுளிக் குடும்பத்திலிருந்து வந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-இல், எம்ப்ரேயர் ஜெட்களில் பிசினஸ் கிளாஸ் மட்டுமே வைத்துப் பறந்தது. 2010-இல் நின்றது. கோவையையே தலைமையிடமாகக் கொண்டு ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஏடிஆர் 72-ஓடு வந்தது. ‘நம்ம ஊர் விமானம்’ என்று கோவைக்காரர்கள் சொல்லிக்கொள்ள ஒரு வருடம்கூட கிடைக்கவில்லை. 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது.

இவர்கள் எல்லோரும் திறமை இல்லாதவர்களா என்றால், அப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. சின்ன கம்பெனியின் பெரிய எதிரி எண்ணிக்கை. நூற்றுக்கணக்கான விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்பலாம். கையில் இரண்டு மூன்று மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு உதிரிபாகம் வரத் தாமதமானால் அன்றைய அட்டவணையே காலி. இரண்டு முறை விமானம் ரத்தானால் போதும், ஈரோடு வியாபாரி மூன்றாவது முறை யோசிக்க மாட்டார். சேரன் எக்ஸ்பிரஸில் பெர்த் போட்டுவிடுவார். சீட் காலியாகும், வருமானம் குறையும், லீஸ் பாக்கி ஏறும். பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, இணைப்பு. 2023 ஏப்ரலில் வந்த கோவை - சென்னை வந்தே பாரத், சேலத்திலிருந்து ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் விடுகிறது. சேலம் நகரத்திலிருந்து காமலாபுரம் சுமார் 20 கிலோமீட்டர். அங்கே ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, ஒரு மணி நேரம் பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் வருவதற்குள் மிச்சமாகும் நேரம் சொற்பம். ஆக, சென்னை போவதற்கு மட்டும் என்றால் சேலம் விமானத்துக்குப் பெரிய மவுசு இல்லை. அதன் உண்மையான பயன், அதற்கு அப்புறம் டெல்லிக்கோ சூரத்துக்கோ போவதில் இருக்கிறது.

பெரிய கம்பெனி ஜெயிப்பது இங்கேதான். அதே கம்பெனியில் சேலம் - ஹைதராபாத் - டெல்லி என்று ஒரே டிக்கெட் போட்டால், பெட்டி நேராக டெல்லிக்குப் போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. தனித்து ஓடும் சின்ன கம்பெனியில் போனால், இறங்கி, பெட்டி எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் 1978-இல் விமானத் துறையைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தபோதே, பெரிய கம்பெனிகள் சின்ன ஊர்களைக் கைவிடும் என்று தெரிந்திருந்தது. அதனால் ‘அத்தியாவசிய விமான சேவை’ என்று ஒரு மானியத் திட்டம் வைத்தார்கள். பலமுறை வெட்டப் பார்த்தும் இன்றுவரை ஓடுகிறது. அங்கே மூன்று ஆண்டில் தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. டெண்டர் முடிந்தால் மறு டெண்டர். அதோடு, ஸ்கைவெஸ்ட் போன்ற சின்ன விமானக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளின் பெயரிலேயே பறக்கின்றன. விமானத்தில் டெல்டா என்றோ யுனைடெட் என்றோ எழுதியிருக்கும், ஓட்டுவது ஸ்கைவெஸ்ட். டிக்கெட் விற்பதும் இணைப்பும் பெரியவர் பாடு, பறப்பது மட்டும் சின்னவர் வேலை.

இந்தியாவில் வேறு மாதிரி ஒரு கடமை உண்டு. 1994-இல் வந்த வழித்தடப் பகிர்வு விதிப்படி, பெருநகரத் தடங்களில் பறக்கும் கம்பெனி அந்த அளவில் 10 சதவீதத்தை வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்ற ஊர்களுக்குத் தொடக்கத்தில் 50 சதவீதம் என்று இருந்தது. ஆனால் அந்த ‘மற்ற ஊர்’ கணக்கில் கோவையும் சேலமும் ஒன்றுதான். கோவைக்குப் பறந்தாலே கடமை தீர்ந்துவிடும்போது, சேலத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஒருவரையே நம்பினால்?

சின்ன கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போனதில் இன்னொரு விளைவு. உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இரண்டு பங்கு இன்று இண்டிகோவில்தான். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் பணி நேர விதிகள் மாறியதைச் சமாளிக்க முடியாமல், அந்தக் கம்பெனியின் ஆயிரக்கணக்கான விமானங்கள் நாடு முழுக்க ரத்தாயின. பல கம்பெனிகள் வந்துபோகும் பெருநகரத்திலாவது அதிகக் காசு கொடுத்து வேறு டிக்கெட் தேடலாம். ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் ஊரில் அதற்கும் வழியில்லை.

சேலம் ஓடுதளத்தை நீட்டினால் பெரிய விமானம் வருமே என்று கேட்கலாம். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2018-இல் விவசாயிகள் போராடினார்கள். அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: இருக்கிற ஓடுதளத்திலேயே விமானம் ஒழுங்காக வராதபோது, எங்கள் தோட்டத்தை எதற்கு? கோவையிலோ நிலைமை நேரெதிர். பயணிகள் வந்துகொண்டே இருக்க, விரிவாக்கத்துக்கான நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கவே 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2025 மத்திய பட்ஜெட்டில் உடானை மாற்றியமைத்து, 10 ஆண்டுகளில் 120 புதிய இடங்களை இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். புதிய இடங்கள் சரி. ஏற்கெனவே இணைத்தவை? சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில். உடானில் எடுத்த தடங்களுக்கு மூன்று ஆண்டு என்று பிடித்தால், 2026 அக்டோபரோடு மானியக் கணக்கு முடிகிறது. அதற்குப் பிறகும் காமலாபுரத்தில் ஏடிஆர் இறங்குமா என்பது, அந்த 78 சீட்டில் அன்றாடம் எத்தனை நிறைகிறது என்பதைப் பொறுத்தது. கூடவே அதே விமானத்தை வேறு ஊருக்கு அனுப்பினால் எவ்வளவு கிடைக்கும் என்று கம்பெனி போடும் கணக்கையும் பொறுத்தது. இரண்டாவது கணக்கில் சேலத்துக்காரர்களுக்குப் பங்கே இல்லை.